கடன் முடியும்போது வயது

வங்கியின் வீட்டுக்கடன் விண்ணப்பத்தில், மூன்றாம் பக்கத்தில் அந்தக் கட்டம் இருந்தது: ‘கடன் முடியும்போது வயது’. மற்ற கட்டங்களையெல்லாம் வீட்டிலேயே நிரப்பிவிட்டேன். இதற்குக் கணக்குப் போடவேண்டும் என்று விட்டுவைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண் அதிகாரிக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஃபார்மைத் தன் பக்கம் திருப்பினார், என் ஆதார் நகலைப் பார்த்தார், கால்குலேட்டரைத் தொடாமலே 60 என்று எழுதினார்.

"உங்க ஏஜுக்குப் பதினஞ்சு வருஷம்தான் சார் வரும். நீங்க இருபது கேட்டிருக்கீங்க. சிஸ்டம் எடுத்துக்காது."

2021 டிசம்பர். எனக்கு 45 வயது. தலைமுடிக்குச் சாயம் பூசுவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் பேருந்தில் முதன்முதலாக ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தபோது வந்த அதே சுருக் வந்தது.

இது இரண்டாவது வீடு. முதல் வீடு நங்கநல்லூரில், 2006-ல் வாங்கியது. அப்போது எனக்கு 30. அந்தக் கடனில் என் வயதைப் பற்றி யாரும் கேட்டதாகவே ஞாபகம் இல்லை. பதினைந்து வருடம் கட்டி 2021 பிப்ரவரியில் முடித்து, கிரயப் பத்திரத்தை ஜவுளிக்கடை மஞ்சள் பையில் போட்டு ஆட்டோவில் எடுத்துவந்தேன். அம்மா அதை வாங்கி, ஒரு ஓரத்தில் குங்குமம் வைத்து, மூன்று நாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். அப்புறம் பீரோவுக்குப் போனது. பீரோவுக்குப் போன பத்தாவது மாதம் மறுபடியும் வங்கியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்டவர்களிடம் ஒரு பதில் வைத்திருந்தேன்: அம்மாவின் முழங்கால். நங்கநல்லூர் வீடு இரண்டாவது மாடி. தொண்ணூறுகளில் கட்டிய கட்டடம், லிஃப்ட் கிடையாது. தெருவிலிருந்து வாசற்படிவரை 34 படிகள். அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். சுவரில் அவர் கை படும் உயரத்தில் ஒரு எண்ணெய்க்கோடே விழுந்திருக்கிறது. பெயின்ட் அடித்தால் மூன்று மாதத்தில் திரும்ப வந்துவிடும்.

மனைவி அன்றைக்கே சொன்னார். "படிதான் பிரச்சினைன்னா, இதே தெருவுல கீழ்வீடு ஒண்ணை வாடகைக்கு எடுத்துக்கலாம். நம்ம வீட்டை வாடகைக்கு விட்டா சரிக்குச் சரியாப் போயிடும். இதுக்கு எதுக்குங்க நாப்பது லட்சம் கடன்?" எனக்குப் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், அலுவலகத்தில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ‘இன்னொரு வீடு’ இருந்தது. ஒருவருக்கு ஓ.எம்.ஆரில், ஒருவருக்கு ஊரப்பாக்கத்தில். மதியச் சாப்பாட்டில் அவர்கள் வாடகைதாரர்களைப் பற்றி அலுத்துக்கொள்ளும்போது எனக்கு அலுத்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மாவின் முழங்காலும் பொய்யில்லை, இதுவும் பொய்யில்லை. வட்டி வேறு 6.75 சதவீதம். கொரோனா வந்ததும் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போவை 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தது. "இதைவிடக் குறையாது சார்" என்றார் தரகர். குறையவும் இல்லைதான். ‘ஏறாது’ என்று அவர் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாடம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட். 980 சதுர அடி, ஒன்பது வருடப் பழசு, இரண்டாம் மாடி, லிஃப்ட் உண்டு. 52 லட்சம். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து கால் மணி நேரத்தில் நாலு போட்டோ எடுத்துப் போனார். நான் எதிரே இருந்த மளிகைக்கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு, 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டேன். சென்னையில் வீடு வாங்குகிறவன் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான், எந்த வங்கி ஃபார்மிலும் அது கிடையாது. கடைக்காரர் அரிசி மூட்டைகளைக் காட்டினார். "அடிமூட்டை மட்டும் நனைஞ்சுது. தெருவுல கணுக்கால் அளவுதான் சார்." அந்தப் பக்கத்தில் கணுக்கால் என்றால் மேடு என்று அர்த்தம். திருப்தியாக இருந்தது.

பணக்கணக்கு பார்த்தபோதுதான் இளைத்துப்போனேன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கவும் முடியாது. அப்போது தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 4, மொத்தம் 11 சதவீதம். (2023 ஏப்ரலில் பதிவுக்கட்டணத்தை 2 ஆக்கினார்கள். கூடவே வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள், அது வேறு கதை.) 52 லட்சத்துக்கு 5 லட்சத்து 72 ஆயிரம். கடன் 40 லட்சம் போக, கைப்பணம் 12 லட்சம், பத்திரம், தரகு, கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைக்கும் எம்.ஓ.டி.க்கு அரை சதவீத முத்திரைத்தீர்வை 20 ஆயிரம் என்று எல்லாம் சேர்ந்து கையிலிருந்து போனது பதினெட்டரை லட்சத்துக்கும் மேல். மகளின் கல்லூரிக்கு என்று போட்டுவைத்திருந்த வைப்புநிதியில் ஒன்று அதில் உண்டு. விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவர்தான் ஒரு சதவீத வருமான வரியை (டி.டி.எஸ்.) முன்கூட்டியே பிடித்து, விற்பவரின் பான் எண்ணில் கட்டவேண்டும். விற்றவர் முகம் சுருங்கியது. "ரிட்டர்ன் போட்டா திரும்ப வந்துடும் சார்" என்று நான் அவரைத் தேற்றவேண்டியிருந்தது.

ஆவணங்களில் இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டோம். ஒன்று அவர்கள் பக்கம். நிலம் ஒரு காலத்தில் வயல், பாகப்பிரிவினை ஆனது. முப்பது வருட வில்லங்கச் சான்றிதழையும் தாய்ப் பத்திரத்தையும் வரி வரியாகப் படித்த வங்கி வழக்கறிஞர், ஒரு சகோதரி தன் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் எங்கே என்று கேட்டார். அந்த அம்மாள் இறந்து இருபது வருடமாகிறது. வாரிசுச் சான்றிதழ் தேடி மூன்று வாரம் போனது. எனக்கு எரிச்சல், ஆனால் அந்த வழக்கறிஞருக்குத்தான் நான் நன்றி சொல்லவேண்டும்.

இன்னொன்று என் பக்கம். பத்து மாதத்துக்கு முன் முடித்த நங்கநல்லூர் கடன், அந்த வீட்டின் வில்லங்கச் சான்றிதழில் அப்படியே உட்கார்ந்திருந்தது. பத்திரத்தைத் திரும்ப வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. கடன் தீர்ந்தது என்று வங்கி தரும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் அந்த அடமானம் தீர்ந்தது என்று வில்லங்கச் சான்றிதழ் காட்டும். குங்குமம் வைத்துக் கும்பிட்ட வீடு சர்க்கார் பதிவேட்டில் இன்னும் அடமானத்தில்தான் இருந்திருக்கிறது. கடன் முடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் உங்கள் வீட்டுக்கு ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

காப்பீடு வந்தது அடுத்தது. கடனோடு சேர்த்து ஒற்றைப் பிரீமியத்தில் ஒரு பாலிசியை நீட்டினார்கள். பிரீமியத்தையும் கடனிலேயே ஏற்றிவிடுவார்களாம், அதற்கும் பதினைந்து வருடம் வட்டி. வங்கியிடம்தான் எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதால் வெளியே தனியாக ஒரு டேர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்தேன். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப்போனார்கள். நாலாவது நாள் போன் வந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7.1. பிரீமியம் கூடும், சம்மதமா என்று கேட்டார்கள். கடன் வாங்கப் போன இடத்தில் சர்க்கரையும் சேர்த்து வாங்கிவந்தேன். சம்மதம் என்றேன். அன்று மாலையிலிருந்து காபிக்குச் சர்க்கரை நின்றது.

ஒருவழியாகப் பதிவு முடிந்து, பால் காய்ச்சி, அம்மாவை அழைத்துப்போய்க் காட்டினோம். லிஃப்டில் ஏறினார். கதவு மூடும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், சமையலறைக் குழாயைத் திறந்து மூடினார், பால்கனியில் நின்று கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "நல்லா இருக்குடா. வாடகைக்கு விட்டா நல்லா போகும்."

"உனக்காகத்தாம்மா வாங்கியிருக்கு."

"எனக்கா? ஆஞ்சநேயர் கோயிலை விட்டுட்டு இங்க வந்து என்ன பண்ணுவேன்? காலைல யார்கிட்ட பேசுவேன்? படி ஏறினா கால்தான் வலிக்கும். இங்க உக்காந்திருந்தா எல்லாம் வலிக்கும்."

அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மனைவி என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் தேவலாம்.

2022 ஏப்ரலில் வாடகைக்கு விட்டோம். 14,000 ரூபாய். வருடத்துக்கு 1 லட்சத்து 68 ஆயிரம். போட்ட 52 லட்சத்துக்கு அது மூன்றேகால் சதவீதம்கூட இல்லை, கடன் வட்டியோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இந்தக் கணக்கைப் போட ஐந்தாம் வகுப்பு போதும். ஆனால் வாங்குவதற்கு முன்னால் இதைப் போட்டுப் பார்க்கும் தைரியம் இருக்கிறவர்கள் வீடு வாங்குவதில்லை.

வருமான வரியில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. வாடகைக்கு விட்ட வீடு என்பதால் வட்டி முழுவதையும் காட்டலாம். முதல் வருடம் வட்டி மட்டும் 3 லட்சத்து 16 ஆயிரம். வாடகையில் 30 சதவீதக் கழிவு போக மிச்சம் ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்துச் சொச்சம். வித்தியாசம், அதாவது நஷ்டம், கிட்டத்தட்ட 2 லட்சம். சம்பளத்தில் கழித்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பும் அதே 2 லட்சம்தான். ஆனால் இதெல்லாம் பழைய வரி முறையில். புதிய முறைக்கு மாறினால் வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. ‘வரி மிச்சமாகும், அதனால் கடன் வாங்கு’ என்று சொல்கிறவர் எந்த முறையைச் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இ.எம்.ஐ. 35,396 ரூபாய், மாதம் ஐந்தாம் தேதி தானாகக் கழியும். 2022 மே தொடங்கி ரெப்போவை ஆறு தடவை ஏற்றினார்கள். 2023 பிப்ரவரியில் அது 6.5-ல் வந்து நின்றது. என் கடன் ரெப்போவோடு கட்டப்பட்டது, 6.75 என்பது 9.25 ஆனது. செய்தியில் பார்த்தேன், கவலைப்பட்டேன், வங்கிக் கணக்கைப் பார்த்தேன். கழிவது அதே 35,396. சரி, நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிட்டேன். படித்தவன்தான், எம்.காம். வேறு. அப்படித்தான் நினைத்தேன்.

2023 மே மாதம், வரி வேலைக்காக ஸ்டேட்மென்ட் இறக்கினேன். பதினாறு தவணை கட்டியிருக்கிறேன், மொத்தம் 5 லட்சத்து 66 ஆயிரம். அசலில் குறைந்திருந்தது ஒன்றரை லட்சம் சொச்சம். கடைசித் தவணையைப் பார்த்தேன். வட்டி 29,696, அசல் 5,700. பக்கத்தின் மேல் ஓரத்தில், நான் எப்போதுமே படிக்காத சின்ன எழுத்தில் மீதித் தவணைகள் 237 என்று இருந்தது.

164 தான் இருக்கவேண்டும். தப்பாக அச்சாகியிருக்கிறது என்றுதான் முதலில் பட்டது. அப்புறம் ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்து நானே போட்டேன். 237தான் வந்தது. 2036 டிசம்பரில் முடியவேண்டிய கடன் 2043 ஜனவரிக்குப் போயிருந்தது. வட்டி ஏறியபோது தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டியிருக்கிறார்கள், அதுவும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக. அறுபதைத் தாண்டினால் எடுத்துக்காது என்று சொன்ன அதே சிஸ்டம், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அறுபத்தாறு வரை எடுத்துக்கொண்டுவிட்டது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பணம் பெரிய விஷயம், ஆனால் என்னை உறுத்தியது பணம் இல்லை. 30 வயதில் வாங்கிய கடன் ஆறு வருடம் நீண்டிருந்தால் எரிச்சல்பட்டிருப்பேன், அவ்வளவுதான். அப்போது பின்னால் வருடங்கள் கொட்டிக்கிடந்தன. 47-ல் நீட்டப்படும் ஆறு வருடம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று துல்லியமாகத் தெரியும். சம்பளம் நின்றபின் வரும் ஆறு வருடம் அது. ஊரில் போய் இருக்கலாம், காலையில் பேப்பரை முழுதாகப் படிக்கலாம் என்று நான் ரகசியமாக ஒதுக்கிவைத்திருந்த ஆறு வருடம்.

கிளைக்குப் போனேன். அந்தப் பெண் மாற்றலாகிப் போயிருந்தார். இப்போது இருந்தவர் ஒரு சோர்வான மனிதர், வயது என்னைவிடக் கூட. "எல்லாருக்கும் அப்படித்தான் சார் ஆயிருக்கு. இ.எம்.ஐ. ஏத்தினா கஸ்டமர் சண்டைக்கு வர்றாங்க. டெனியூர் ஏத்தினா யாரும் வர்றதில்லை." நியாயமான பதில்தான். பழைய தேதியிலேயே முடிக்க எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்டேன். தட்டிப் பார்த்துச் சொன்னார்: 41,400.

மாதம் ஆறாயிரம் கூட. ஆறாயிரம் கூடக் கட்டினால் ஆறு வருடம் திரும்பக் கிடைக்கும். 164 மாதத்துக்கு ஆறாயிரம் என்றால் பத்து லட்சத்துக்குள். கட்டாமல் விட்டால் 73 தவணை, கிட்டத்தட்ட 26 லட்சம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதே வருடம் ஆகஸ்ட் 18-ம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன்தாரரைக் கேட்கவேண்டும் என்று சொன்னது. என்னைப்போல் தூக்கம் போனவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள்.

ஆறாயிரத்துக்கு எதையெதையோ வெட்டினோம். மனைவி பள்ளி முடிந்து மாலையில் டியூஷன் எடுக்க ஆரம்பித்தார். ‘அன்றைக்கே சொன்னேன்’ என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. டியூஷன் பிள்ளைகளுக்காக வாங்கிய வெள்ளைப் பலகை மட்டும் ஹாலில் நிற்கிறது.

அந்த டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல். மதியம் குடியிருப்பவர் போன் செய்தார். "சார், கீழ பார்க்கிங்ல முட்டிக்கு மேல தண்ணி. என் வண்டி முங்கிடுச்சு. கரன்ட் இல்ல." மளிகைக்கடைக்காரரின் அரிசி மூட்டை எத்தனை போனதோ தெரியவில்லை. நங்கநல்லூரிலிருந்து கிளம்பவே முடியவில்லை. மறுநாள் போன் சார்ஜ் சாகிற நிலையில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: 41,400 கழிக்கப்பட்டது. ஐந்தாம் தேதி. ஊரில் பால் வரவில்லை, தண்ணீர் லாரி வரவில்லை, இது மட்டும் வந்தது.

தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தேன். லிஃப்ட் குழி நிரம்பி, அடியில் இருந்த வயர்களெல்லாம் போய்விட்டன. சரிசெய்ய இரண்டு மாதமும், ஒவ்வொரு வீட்டுக்கும் 28,000 ரூபாயும் ஆனது. அந்த இரண்டு மாதமும் குடியிருந்தவரின் மாமியார் படியில் ஏறி இறங்கினார். லிஃப்டுக்காக நான் வாங்கிய வீடு அது.

2025-ல் காற்று திரும்பியது. பிப்ரவரியில் ரெப்போவைக் குறைக்க ஆரம்பித்து டிசம்பரில் 5.25-க்குக் கொண்டுவந்தார்கள். என் வட்டி 8 சதவீதம் ஆனது. விற்றுவிடலாமா என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பேசினோம். விலை ஏறியிருக்கிறதுதான். ஆனால் மகள் அடுத்த வருடம் அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் சேரலாம், சேராமலும் போகலாம். முடிவு எடுக்கவில்லை. நங்கநல்லூர் கட்டடத்தில் இப்போது வெளிச்சுவரை ஒட்டி லிஃப்ட் வைக்கலாம் என்று அசோசியேஷனில் பேச்சு நடக்கிறது. கீழ்வீட்டுக்காரர்கள் மட்டும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அது வந்துவிட்டால் அம்மாவின் 34 படிகளுக்கு என் பங்கு நாலு லட்சத்துக்குள் முடிந்துவிடும். இதை நான் வீட்டில் சத்தமாகச் சொல்லவில்லை.

போன மாதம் வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். வட்டி குறைந்துவிட்டது, தவணையைக் குறைத்துக்கொள்கிறீர்களா என்று இந்தத் தடவை கேட்டார்கள். நேரில் போனேன். புதிதாக ஒரு பையன், கழுத்தில் அடையாள அட்டை.

"மாசம் ரெண்டாயிரத்துக்கு மேல குறையும் சார். எல்லாரும் அதைத்தான் எடுக்கிறாங்க."

"வேண்டாம்ப்பா. அதே 41,400 போகட்டும். காலத்தைக் குறைங்க."

அவர் ஒரு ஃபார்மை எடுத்து நீட்டினார். நூலில் கட்டியிருந்த பேனா எட்டவில்லை, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். பெயர், கணக்கு எண், மீதி அசல். அவர் திரையைப் பார்த்து, 2035 டிசம்பர் சார் என்றார். அந்தக் கட்டம் இதிலும் இருந்தது. நானே எழுதினேன்: 59.